முன்னெத்தியில மூணு கத்திரி

அட, நீயும் அதத்தான் கேக்கியா பிள்ள? பஸ்ஸுல ஏறி உக்காந்து இன்னும் மூச்சுகூட விடல, அதுக்குள்ள "ஆன்ட்டி, நீங்க குரும்பூர் கோமதி பார்லர் அக்காவப் பாத்துத்தான் இப்படி முன்னாடி முடி வெட்டிருக்கீங்களா"ங்க. நல்லாக் கேட்டுக்கோ. நான் அவளப் பாத்து வெட்டல. அவதான் என்னப் பாத்து வெட்டுனா. நாள் கணக்குல பதினெட்டு நாளு நான் முந்தி.

உன்மேல கோவம் இல்ல தாயி. போன வாரம் ஒரு ஆளு, முந்தாநாள் ரெண்டு ஆளு, இன்னைக்கு நீ. என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வாரவளுவ கண்ணாடியப் பாக்கும்போதே கேக்காளுவ. அக்கா, தம்பி பொண்டாட்டியப் பாத்து ஆசப்பட்டு வெட்டுனீங்களோன்னு. எனக்கு நாப்பத்தாறு வயசு. நான் ஆசப்பட்டு வெட்டுற ஆளா? இது சாமிக்குக் குடுத்த முடி. அவளுதுதான் ஆசைக்கு வெட்டுனது. இந்த வித்தியாசம் ஒருத்திக்கும் விளங்கல.

நீ குரும்பூர்ல எறங்கணும்னா இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. சொல்லுதேன், கேளு. உனக்கும் சுருட்டைதான? ஏன் இப்படி இழுத்து இறுக்கிக் கட்டிருக்க, நெத்தியே பின்னால போயிரும் போல. சரி, அதுக்கு அப்புறம் வாரேன்.

என் பேரு சுயம்புக்கனி. ஆறுமுகநேரியில தையல் கடை வெச்சிருக்கேன், இருவத்திரெண்டு வருசமா. திருநெல்வேலியில லைனிங் துணி எடுத்துட்டுத்தான் இப்ப வாரேன். எனக்குக் கூடப் பொறந்தது ஒரே ஒரு தம்பி, லிங்கதுரை. எங்கம்மா போவும்போது அவனுக்கு ஏழு வயசு, எனக்குப் பதினாறு. தலை சீவி விட்டது, சோறு பிசைஞ்சு குடுத்தது, காய்ச்சல்னா தூக்கிட்டு ஓடுனது, எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆனப்ப சீரு வரிசையோட சீரா அவனையும் கூட்டிட்டு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. அவரு எடக்குப் பேசுவாரே தவிர, நல்ல மனுசன்.

அப்படி வளத்த பிள்ளைக்கு ஒன்பது வருசமா பொண்ணு அமையல தாயி. என்ன தோசமோ. மூணு ஜோசியரு பாத்துட்டு ஜாதகத்துல ஒரு குறையும் இல்லன்னுதான் சொன்னாங்க. நானும் அலையாத ஊரு இல்ல. இருவத்திநாலு பொண்ணு பாத்தேன். சாத்தான்குளத்துப் பொண்ணு நல்ல பொண்ணுதான், சிரிச்சா ஈறு தெரியுது. உடன்குடிக்காரி காப்பித் தம்ளர ஒத்தக் கையால நீட்டுதா. ஒரு டீச்சரு, அது கேட்டதுக்கெல்லாம் நேருக்கு நேரா பதில் சொல்லுது, நாளைக்கு வீட்டுல நிம்மதி இருக்குமா? மிச்சம் இருந்ததுல பாதிக்குக் கோரைமுடி. சுருட்டைமுடி சோறு போடும், கோரைமுடி குடியக் கெடுக்கும்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க. எல்லாத்தையும் நான் பாத்துப் பாத்துத்தான் வேண்டாம்னேன். அப்படியும் ஏன் அமையலங்கிறதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

கடைசியில முருகன்கிட்ட சரணடைஞ்சேன். மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போனப்ப, தம்பிக்கு ஒரு வழி காட்டு, என் முடியத் தாரேன்னு வேண்டிக்கிட்டேன். நாப்பதே நாளு. இருவத்தஞ்சாவதா ஒரு பொண்ணு வந்துச்சு. குரும்பூரு, பேரு கோமதி, முப்பத்திமூணு வயசு, சொந்தமா பார்லர் வெச்சிருக்கா. எனக்குப் பிடிக்கல, ஒளிக்காமச் சொல்லுதேன். முடியப் பாத்தா இஸ்திரி போட்ட மாதிரி நேரா விழுது. அசல் கோரை. வீட்டுக்கு வந்து வேண்டாம்டான்னேன். அன்னைக்குத்தான் அந்த வாயில்லாப் பூச்சி வாயத் தொறந்துச்சு. "கட்டுனா இவளத்தான் அக்கா. இல்லன்னா விட்டுரு."

இவனுக்கு எங்கேர்ந்து இந்தத் தைரியம்? முருகன் குடுத்ததுதான். இதுல பாரு, அவனுக்கு மோட்டார் ரிப்பேர் வேலை. ரெண்டு வருசமா வாராவாரம் குரும்பூருக்குப் போயிட்டுதான் இருந்திருக்கான், அந்தப் பார்லர்ல தண்ணி மோட்டார் பாக்க. ஒரு மோட்டாரு ரெண்டு வருசமாவா ரிப்பேராகும்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. நான் சொன்னம்லா, எடக்கு. அப்ப கூட அவன் கண்ணுல படாத பொண்ணு, நான் வேண்டுதல் வெச்ச பொறவுதான் படுது. அதுதான் சாமி.

நிச்சயம் முடிஞ்சுது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாளு. அதுக்கு முன்னால நேத்திக்கடனத் தீத்துரணும்லா. எங்க சந்தனமாரி சித்தி, அம்மாவோட தங்கச்சி, எங்க குடும்பத்துல இப்ப அவதான் பெரிய ஆளு. அவ மொட்டையே போடுன்னுட்டா. ஒன்பது வருசத்துக் காரியம், முழுசாக் குடுன்னா. மொட்டைத் தலையோட போயி மணமேடையில எப்படி நிக்க? நான் பூமுடி குடுக்கேன்னேன். உனக்குத் தெரியும்லா, மொட்டை போட முடியாத பொம்பளைங்க நுனியில மூணு கத்திரி வெட்டிக் குடுப்பாங்க. அது.

திருச்செந்தூர்ல முடி எடுக்கிற மண்டபத்துல ஒரு அண்ணாச்சி. வயசாளி, சாந்தமான மனுசன். திரும்பி உக்காருங்கம்மான்னாரு. நான் யோசிச்சேன். என் முடி அப்ப இடுப்புக்கு வரும், கையில பிடிச்சா பிடி கொள்ளாது. பின்னால நுனியில மூணு கத்திரி வெட்டுனா எங்க வெட்டுனதுன்னு எனக்கே தெரியாது, சாமிக்கு எப்படித் தெரியும்? அது சாமிய ஏமாத்துற வேலைல்லா. அண்ணாச்சி, முன்னாடி எடுங்கன்னேன். அவரு முன்னாடியாம்மான்னு கேட்டாரு. ஆமான்னேன். திரும்பவும் கேட்டாரு. முருகன் பாக்கத்தான குடுக்கேன், முன்னாடியே எடுங்கன்னேன். அவரு என்ன செய்வாரு பாவம். தண்ணியத் தெளிச்சு நல்லா நனைச்சு, நெத்தி முடிய மூக்கு நுனி வரைக்கும் இழுத்துப் பிடிச்சு, முருகா முருகான்னு மூணு கத்திரி.

மூக்கு நீளம் இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். காதுக்குப் பின்னால ஒதுக்கிக்கிடலாம்ங்கிற கணக்கு. இருவத்திரெண்டு வருசமா வாரவ போறவளுக்கெல்லாம் நான் சொல்லுத புத்தி என்ன? பருத்தித் துணிய நனைச்சுக் காயவெச்சு அப்புறம் வெட்டு, இல்லன்னா சுருங்கிப் போவும். ஊருக்குச் சொன்ன புத்தி என் தலைக்கு எட்டல.

தரிசனம் முடிஞ்சு வெளிய வாரேன், வெயிலு, கடல் காத்து வேற. முடி காஞ்சுருச்சு. நெத்தியில என்னமோ குறுகுறுன்னுச்சு. கை வெச்சுப் பாத்தா மூக்கு வரைக்கும் இருந்த முடி புருவத்துக்கு மேல ஏறி நிக்கி. ஒண்ணு இந்தப் பக்கம் சுருண்டிருக்கு, ஒண்ணு அந்தப் பக்கம், நடுவுல ஒண்ணு வானத்தப் பாத்து நிக்கி. தேங்கா பழக் கடைக்காரி ஒருத்தி கண்ணாடி வெச்சிருந்தா, வாங்கிப் பாத்தேன். பாத்துட்டு அப்படியே படியில உக்காந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுக்காரரு ஏற எறங்கப் பாத்துட்டு, நெத்திக்குப் பந்தல் போட்டிருக்க போல, கல்யாணம் நமக்கா உன் தம்பிக்கான்னு கேட்டாரு. அன்னைக்கு அவருக்கு ரசம் மட்டுந்தான்.

பொறவு நான் பட்ட பாடு இருக்கே. தேங்கா எண்ணெயக் கவுத்தேன், முடி படியல, நெத்தி பூரா பரு வந்துச்சு. சீப்பப் போட்டு வறட்டு வறட்டுன்னு சீவுனேன், பஞ்சு மிட்டாய் மாதிரி உப்பிக்கிச்சு. கொண்டை ஊசி குத்துனேன், இட்லிக்கொப்பரையத் தொறந்து ஆவி பட்டதும் டிக்குன்னு தெறிச்சு சாம்பார்ல விழுது. ராத்திரி துணியால இறுக்கிக் கட்டிட்டுப் படுத்தேன், காலையில பாத்தா நெத்தியில தழும்பு இருக்கு, முடி எந்திரிச்சு நிக்கி. மிசின்ல குனிஞ்சா கண்ணுல விழுது. அப்படி ஒரு நாளு ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் இடது கையாவே வெச்சுத் தைச்சுட்டேன். கல்யாணச் சீசன்ல ஒரு தையக்காரிக்கு இதவிட என்ன கேடு வரணும்?

ஆறு நாளு பொறுத்தேன். ஏழாம் நாளு தலையில முந்தானையப் போட்டுக்கிட்டு குரும்பூருக்குப் பஸ் ஏறிட்டேன். வேற எங்க போவ? பொண்ணு பாக்கப் போனப்ப, ஊர்ல உள்ளவ முடியெல்லாம் தொட்டுத் தொட்டுச் சம்பாதிக்கிற கையான்னு அவ அம்மா காதுபடக் கேட்டவ நான். அதே கையிலதான் போயித் தலையக் குடுத்தேன். கோமதி சிரிக்கல. முந்தானைய எடுத்துப் பாத்தா, "உக்காருங்க மைனி"ன்னா, கதவச் சாத்துனா, வெளிய பலகையத் திருப்பி வெச்சா. ஒரு மணி நேரம். தண்ணியத் தெளிச்சு, ஒவ்வொரு சுருளையும் விரல்ல சுத்திச் சுத்தி விட்டு, காய வெச்சு, காஞ்ச பொறவுதான் கத்திரிய எடுத்தா. நனைச்சு வெட்டக் கூடாதாம். ஒண்ணு ஒண்ணாப் பிரிச்சு, ஒண்ணு ஒண்ணா நுனியில தொட்டா மாதிரி வெட்டுனா. "இது கெட்டுப் போன முடி இல்ல மைனி. நீங்க அத அமுக்கி வெக்கப் பாக்கீங்க, அது எந்திரிக்கப் பாக்குது. அதும்போக்குல விட்டாப் போதும்"னா.

கண்ணாடியப் பாத்தேன். இந்தா இப்ப நீ பாக்கியே, இதான். முருகன் சத்தியமாச் சொல்லுதேன், அது யாருன்னு எனக்கே தெரியல. பத்து வயசு குறஞ்சிருந்துச்சு. ஆனா நான் அதெல்லாம் வெளிய காட்டிக்கிடல. சாமிக்குக் குடுத்தது, நமக்கு அழகா முக்கியம்னுட்டு வந்துட்டேன். வார வழியில பஸ்ஸு கண்ணாடியில பாத்தது வேற விசயம்.

நீயும் வெட்டணும்னா நான் சொல்லுதத மனசுல வெச்சுக்கோ. காலையில சீப்பத் தொடாத. தொட்டியோ, அன்னைக்கு முழுக்க முக்காடுதான். ஒரு பாட்டில்ல தண்ணி வெச்சு லேசாத் தெளி. ஆளி விதையக் கொதிக்க வெச்சு வடிச்சா வழவழன்னு வரும், அத ரெண்டு விரல்ல தொட்டு ஒவ்வொரு சுருளா நீவி விடு. துண்டால துவட்டாத, வீட்டுல பழைய பனியன் இருந்தா அத வெச்சு ஒத்தி எடு. எண்ணெய் முன்னெத்திக்கு வேண்டாம், பின்னால மட்டும். மழைக்காலத்துல அது கொஞ்சம் மேல ஏறத்தான் செய்யும், உப்பளக் காத்துக்கு இன்னும் ஏறும், ஏறட்டும்னு விட்டுரு. வண்டி ஓட்டுனா தலைக்கவசம் போடும் முன்னால முடிய மேல தூக்கிவிட்டுப் போடு, கழட்டுனதும் விரல விட்டு ஒரு உதறு. படுக்கும்போது சாட்டின் துணியில தலகாணி உறை. அது என் யோசனை. கோமதிக்கே நான்தான் நாலு உறை தைச்சுக் குடுத்தேன். இப்ப அவ கடைக்கு வாரவளுக்கெல்லாம் நான்தான் தைக்கேன். ஆறு வாரத்துக்கு ஒருக்க நுனி வெட்டணும். நான் தவறாமப் போயிருவேன். சாமி முடிய அலங்கோலமா வெச்சிருக்கக் கூடாதுல்லா.

சரி, கதைக்கு வாரேன். கல்யாணத்துக்கு முந்துன நாளு சாயந்தரம். சொந்தக்காரங்க எல்லாரும் மண்டபத்துக்கு வந்தாச்சு. எங்க பக்கத்துல தாலியில மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மத்த ரெண்டும் அவன் கூடப் பொறந்தவ போடணும். அந்த ரெண்டு முடிச்சுக்குத்தான் தாயி நான் அத்தன வருசம் காத்துக் கெடந்தேன். எங்கம்மா சாகும்போது எங்கிட்ட வேற ஒண்ணும் சொல்லல, அவனப் பாத்துக்கோன்னா. பாத்துக்கிட்டேன். அந்தக் கணக்கு அன்னைக்குத்தான் முடியுது எனக்கு.

சித்தி வந்தா. என் நெத்தியப் பாத்தா. பாத்துட்டு, எல்லாரும் இருக்கும்போதே சொல்லிட்டா. "சுமங்கலின்னா நெத்தி தெரியணும். வகிட்டுல குங்குமம் தெரியணும். நெத்தி மறைஞ்சவ கை தாலியில படக் கூடாது. எம்மக அனுசுயா போடட்டும் முடிச்சு."

தம்பி அக்காதான் போடணும்னான், பெரியவ பேசும்போது ஊடால பேசாதலேன்னு அவன அடக்கிட்டா. மத்தவங்க எல்லாம் தரையப் பாக்காங்க. சித்தி பொல்லாதவ இல்ல, அவளுக்கு அது நெசமாவே பயம். கல்யாணம் கலகலப்பா நடக்கணும், ஒரு குறை வந்துரக் கூடாது. எனக்கும் அந்தப் பயம் வந்துருச்சு, அதான் கொடுமை. நாளைக்கு அவங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஒண்ணுன்னா, இவ கையாலதான்னு நானே நெனச்சுக்கிடுவேன்லா.

நேரா பொண்ணு ரூம்புக்குப் போனேன். கோமதி மட்டுந்தான் இருந்தா, கையில மருதாணி காஞ்சு உதுத்துட்டிருந்தா. ஏட்டி, இத எப்படியாவது மேல தூக்கிக் குத்திவிடுன்னேன். குத்துனா. ஏழு ஊசி. ஏழும் நிக்கல. தெறிச்சு விழ விழ பொறுக்கிக் குத்துதா, அது கேக்கணும்லா. அப்புறம் நான் விடுட்டீன்னேன். அனுசுயாவே போடட்டும்னுட்டு அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்க உறிஞ்சி உறிஞ்சி அழுதேன், கல்யாணப் பொண்ணு முன்னால. அவ என் கண்ணத் தொடச்சுவிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "நெத்தி தெரியலங்கிறதுதான சித்திக்குக் குறை? வேற ஒண்ணுமில்லியே மைனி?" வேற என்னட்டீ குறைன்னேன். சரி, போய்ப் படுங்க, காலையில பட்ட உடுத்திட்டு மேடைக்கு வந்துருங்கன்னா.

காலையில நான் மேடைக்கு ஓரமாத்தான் நின்னேன். அனுசுயா பச்சப் பட்டுல நடுவுல நிக்கா, சித்தி அவ பக்கத்துல. தம்பி என்னையே பாத்துட்டு உக்காந்திருக்கான், முகத்துல உயிரில்ல. பொண்ணக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. வந்தா பாரு.

அவ முடி சுருட்டைடீ. சுத்தச் சுருட்டை, என்னுதவிடச் சுருட்டை. இத்தன வருசமா தினமும் காலையில மிசின வெச்சு இழுத்து நேராக்கி வெச்சிருக்கா கள்ளி. சுருட்டைக்காரி பார்லர் வெச்சா எவ வருவான்னு பயமாம். அன்னைக்குத் தலைக்குக் குளிச்சு அப்படியே விட்டுட்டா. விட்டது மட்டுமா? முன்னெத்தியில மூணு விரக்கட அகலத்துக்கு வெட்டி விட்டிருக்கா, புருவத்துக்கு மேல, அப்படியே என்ன மாதிரி. நெத்தியே தெரியல. பொட்டு மட்டும் இத்தினிக்காண்டு எட்டிப் பாக்கு. நெத்திச்சுட்டி வேற போடல. சிவப்புக் கல்லு வெச்சது, நிச்சயம் முடிஞ்ச நாள்லருந்து கடை கடையா ஏறி எறங்கி ஆசையா எடுத்தது, தொங்குறதுக்கு இடமில்லாமப் போச்சு. இன்னைக்கும் பெட்டியிலதான் கெடக்கு. ஒரு கல்யாணப் பொண்ணுக்கு இந்த யோசனைகூடவா இருக்காது?

அவ அம்மா வாயில கைய வெச்சுக்கிட்டு நிக்கா. வீடியோக்காரன் என்ன ஒருக்கா பிடிக்கான், அவள ஒருக்கா பிடிக்கான். சித்தி அவ நெத்தியப் பாத்தா, என் நெத்தியப் பாத்தா, மறுபடி அவ நெத்தியப் பாத்தா. வாய் தொறந்து தொறந்து மூடுது. கோமதி மணையில உக்காந்து, தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா. "மைனி, பின்னால வந்து நில்லுங்க. நேரமாவுது."

போனேன். யாரும் தடுக்கல. சித்தியே அனுசுயாவக் கையப் பிடிச்சு ஒரு எட்டு பின்னால இழுத்துக்கிட்டா. கெட்டிமேளம் கொட்டுச்சு, தம்பி ஒரு முடிச்சுப் போட்டான், மத்தத நான் வாங்குனேன். எத்தன ஆயிரம் ஜாக்கெட்டுக்கு நாடா முடிஞ்ச கை இது. அன்னைக்கு மஞ்சக் கயிறு நழுவி நழுவிப் போவுது, கண்ணு தெரியல, அழுதுட்டே முடிஞ்சேன். ரெண்டு முடிச்சு. இறுக்கமாப் போட்டேன். எங்கம்மா அங்கதான் எங்கேயோ நின்னாங்கிற மாதிரி இருந்துச்சு. அவ்வளவு சந்தோசம் எனக்கு அதுக்கு முன்னால இல்ல, பொறவும் இல்ல.

பந்தி முடிஞ்சு கேட்டேன் அவகிட்ட. ஏட்டி, நீ ஏன் வெட்டுனன்னு. "உங்களுக்கு நல்லா இருந்துச்சு மைனி, எனக்கும் ஆசையா இருந்துச்சு"ன்னா. தப்புச் சொல்ல முடியுமா, யாருக்குத்தான் ஆசை வராது? ஆனா அன்னையிலருந்து எனக்குப் பிடிச்ச சனி பாரு. கல்யாணப் போட்டோவ ஊரே பாத்துச்சு. சுருட்டைக்காரிகள் எல்லாம் கோமதி வெட்டுன மாதிரி வெட்டுன்னு அவ கடையில வந்து நிக்காளுவ. அது அவ பேருல ஓடிப் போச்சு. என்னப் பாத்தா, தம்பி பொண்டாட்டியப் பாத்து வெட்டுனியாங்கிறாளுவ. வயித்தெரிச்சலா இருக்காதா? நானும் விடுதது இல்ல. எவ கேட்டாலும், அவ என்னப் பாத்துக் காப்பியடிச்சவன்னு சொல்லிருவேன். அவ முன்னாலயே சொல்லிருக்கேன். அவ சீப்பக் கழுவிக்கிட்டே, ஆமா மைனின்னு தலைய ஆட்டுவா.

என்ன கேக்க? சத்தமாக் கேளு, இந்தப் பஸ்ஸு இரைச்சல்ல காது கேக்கல.

ஆசைன்னா கல்யாணம் முடிஞ்சு வெட்டிருக்கலாமே, ஏன் அன்னைக்குக் காலையிலயே வெட்டுனாங்கன்னு கேக்கியா? அதான் சொன்னம்லா, ஆசை. ஆசை வந்தா மனுசனுக்கு… நாலு நாளு பொறுத்திருக்கலாம்தான். கடையே அவளோடதுதான், கத்திரியும் அவளோடதுதான். அந்தச் சுட்டியையும் போட்டிருக்கலாம்.

இரு. இரு பிள்ள. சித்தி சொன்னது சாயந்தரம் அஞ்சு மணி. நான் அவ ரூம்புல போயி அழுதது அஞ்சரை. அப்ப அவளுக்கு முன்னெத்தியில ஒரு முடி வெட்டல, நேராத்தான் தொங்குச்சு, நான் பாத்தேன். வேற ஒண்ணுமில்லியேன்னு கேட்டாளே. எதுக்கு அப்படிக் கேட்டா?

நெத்தி மறைஞ்சவ கை தாலியில படக் கூடாதுன்னா, நெத்தி மறைஞ்சவ கழுத்துல தாலி ஏறலாமா? அத எந்தச் சித்தி எந்த வாயால சொல்லுவா, முகூர்த்த நேரத்துல, மணையில உக்காந்திருக்க பொண்ணப் பாத்து?

அடிப்பாவி.

ரெண்டு வருசம் தாயி. ரெண்டு வருசமா நான் ஊரெல்லாம் என்ன சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாத்தியா? அவ அம்மா அன்னைக்கு வாயில கைய வெச்சுக்கிட்டு நின்னாளே. நான் யாரு கோமதிக்கு? அவ கையக் குறை சொன்னவ. அவளக் கோரைமுடின்னவ. அவ ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே.

இரு, போன் போடுதேன். கடையில ஆளு இருந்தா இருக்கட்டும்.

ஏட்டி கோமதி, நான்தான். பஸ்ஸுல வாரேன். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். ஏட்டி, ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லணும். நீ உன் கல்யாணத்தன்னைக்கு முடிய வெட்டுனது எனக்காகவா? … ம். … ம். … சரி. சரி, வையி.

"இப்பந்தான் தெரிஞ்சுதா மைனி"ன்னு கேக்கா. கேட்டுட்டுச் சிரிக்கா, கழுத.

அழல தாயி, நீ அந்தப் பையக் கொஞ்சம் நகத்து. ஆறுமுகநேரிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், பரவால்ல, உன்கூடயே குரும்பூர்ல எறங்கிக்கிடுதேன்.